கரிமத்தை உயிர்மம் ஆக்காதீர்கள்

விண்கல் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், ஆங்கிலத்தின் 'ஆர்கானிக்' என்ற சொல்லைப் பெயர்த்து, 'உயிர்ம மூலக்கூறுகள் கண்டுபிடிப்பு' என்று ஒரு வரி வந்துவிடுகிறது. பென்னு சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் மண் வந்து சேர்ந்தபோது தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் 'இயற்கை மூலக்கூறு' என்கிறார்கள். செயற்கை மூலக்கூறை விண்வெளியில் யார் கொண்டுபோய்ப் போட்டார்கள்?

ஆர்கானிக் என்பதன் வேர் கிரேக்க 'ஆர்கனான்'. பொருள்: கருவி. கருவி என்பது உடலுறுப்பைக் குறித்து, உறுப்புடையது உயிருள்ளது என்றாகி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடன் வேதியியலர் பெர்சிலியஸ் காலத்தில் உயிர்களிடமிருந்து கிடைக்கும் பொருள்களின் வேதியியலுக்குப் பெயராயிற்று. 1828இல் ஜெர்மானியர் வோலர், எந்த உயிரின் துணையும் இல்லாமல் ஆய்வகத்தில் யூரியாவைச் செய்துகாட்டினார். பழைய பொருள் ஆட்டம் கண்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்றைக்கு அந்தச் சொல்லுக்குப் பொருள், கார்பனை முதுகெலும்பாகக் கொண்ட, பெரும்பாலும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மம். அவ்வளவுதான்.

யூரியா என்றதும் டெல்டாக்காரர்களுக்குச் சிரிப்பு வர வேண்டும். குறுவைக்கும் சம்பாவுக்கும் மூட்டை மூட்டையாகப் போடும் அதே யூரியாதான். வேதியியல் கணக்கில் அது ஆர்கானிக். ஆர்கானிக் விவசாயத்திலோ அதற்கு இடமே இல்லை! இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பிறந்த தஞ்சை மண்ணில் ஆர்கானிக் என்றால் இயற்கை விவசாயம், மாப்பிள்ளைச் சம்பா, பஞ்சகவ்யம். அந்தப் பொருளில் 'இயற்கை' அழகான சொல். அதைத் தூக்கி விண்கல்லுக்கு ஒட்டினால் வாசகருக்கு எதுவும் புரியாது.

'உயிர்ம' என்ற சொல்லும் வயலிலிருந்து வந்ததுதான். தமிழ்நாடு அரசு 2023இல் வெளியிட்ட கொள்கைக்கே உயிர்ம வேளாண்மைக் கொள்கை என்று பெயர். மண்ணில் புழுவும் நுண்ணுயிரும் வேலை செய்யும் விவசாயத்துக்கு அது பொருந்தும். விண்கல்லில் அதுவே பொய்யாகிவிடுகிறது. 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் 70க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கிடைத்துள்ளன. அவற்றில் பல பூமியில் உள்ள உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தாதவை. பென்னு மண்ணில், உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருப்பதாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். ஆனால் அமினோ அமிலங்கள் பெரும்பாலும் கண்ணாடிப் பிம்பம் போல இடக்கை, வலக்கை என இரு வடிவங்களில் இருக்கும்; நம் உடல் இடக்கை வடிவத்தையே புரதங்களுக்கு எடுத்துக்கொள்கிறது. பென்னுவிலோ இடக்கையும் வலக்கையும் ஏறக்குறைய சரிபாதி. உயிர் செய்ததல்ல என்பதற்கு விஞ்ஞானிகள் காட்டும் முக்கியமான தடயங்களில் ஒன்று இது. அதை 'உயிர்மம்' என்று மொழிபெயர்த்தால், அவர்கள் சொன்னதற்கு நேர்மாறாகத் தலைப்பு வைத்தது போலத்தான். அப்புறம் 'வேற்றுக்கிரக உயிர்' என்று காணொளி வருவதில் வியப்பென்ன?

இலங்கைப் பாடநூல்களில் இதற்குச் 'சேதன' என்ற சொல் உண்டு. சேதனம் என்றால் அறிவுள்ளது, உணர்வுள்ளது. மெத்தனால் என்ற கார்பன் சேர்மத்துக்கு உணர்வா? அங்கே பள்ளியில் படித்து வளர்ந்தவர்களுக்குப் பழகிய கலைச்சொல், அதைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. இங்கே புதிதாக இறக்க வேண்டாம் என்கிறேன். 'அங்கக' என்பதும் அங்கம், உறுப்பு என்று கிரேக்க வேரை அப்படியே பின்பற்றிச் செய்த சொல். வேரை மொழிபெயர்த்தவர் இன்றைய பொருளை மறந்துவிட்டார்.

மிச்சம் 'கரிம'. கரி நம் அடுப்படிச் சொல். கரியமில வாயுவைப் பெரியவர்கள் பலருக்கும் தெரியும். பள்ளியில் கரிம வேதியியல் ஏற்கெனவே இருக்கிறது. சரி, கார்பன் இருப்பதெல்லாம் கரிமமா என்று கேட்பார்கள். வைரமும் சுண்ணாம்புக்கல்லும் கரியமில வாயுவும் அந்தக் கணக்கில் சேராதுதான். குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கார்பன் என்ற சரியான திசையைக் காட்டுகிறது, உயிர் இருப்பதாக ஏமாற்றுவதில்லை. தனித்தமிழ்ப் பற்றில் இதைச் சொல்லவில்லை. 'கரிம' பிடிக்காவிட்டால் 'கார்பன் சேர்மம்' என்று எழுதுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை.

இன்னொரு புலம்பல் பாக்கி இருக்கிறது. இந்த மூலக்கூறுகள் எங்கே பிறந்தன என்று சொல்லும் இடத்தில் 'விண்வெளிப் பனி' என்று எழுதுகிறார்கள். காவிரிக் கரையில் பனி என்றால் மார்கழியில் நெற்கதிர்மேல் நிற்பது. விண்வெளியில் அந்தப் பெயரால் சொல்லப்படுவது, சுமார் மைனஸ் 260 டிகிரிக் குளிரில் நுண்ணிய தூசித் துகள்களின்மேல் படிந்து உறைந்த நீரும் கார்பன் மோனாக்சைடும் மெத்தனாலும் அம்மோனியாவும். புற ஊதா ஒளியும் காஸ்மிக் கதிரும் அவற்றை உடைக்க, உடைந்த துண்டுகள் புதிதாகச் சேர்ந்து பெரிய கரிம மூலக்கூறுகள் ஆகின்றன. ஆய்வகத்தில் அப்படிப்பட்ட உறைபடலத்தைச் செய்து, புற ஊதா பாய்ச்சி, எஞ்சிய படிவில் அமினோ அமிலங்கள் கிடைத்ததை 2002இலேயே இரண்டு குழுக்கள் வெளியிட்டன. 'உறைபனி' என்றாவது எழுதலாம். இரண்டெழுத்து கூடினாலும் மார்கழி நினைவுக்கு வராது.