ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா தூரத்தை அளக்கும் விதம்

திருமலை நாயக்கர் மகாலின் தூண் ஒன்றை ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியே நோக்கினால், நடுவிலுள்ள சிறு கட்டத்துக்குள் மட்டும் அத்தூண் இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப அவ்விரண்டும் நெருங்கி, ஒன்றன்மேல் ஒன்று படியும்போது ஃபோகஸ் அமைந்துவிடும். இங்கே கண் காண்பது லென்ஸ் தரும் பிம்பத்தை அன்று. லென்ஸ் மூடியிருந்தாலும் தூண் தெளிவாகவே தெரியும் என்பதால், மூடியைக் கழற்றாமலே படமெடுத்துவிட்டுப் பின்னர் தலையில் அடித்துக்கொள்வது இக்கேமராவின் வழக்கமான தொல்லை.

கேமராவின் முகப்பில் இரண்டு சாளரங்கள் உள்ளன. ஒன்றின் ஒளி, பாதியை ஊடுருவவிட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடியைக் கடந்து நேரே கண்ணை அடைகிறது; மற்றதன் ஒளியோ, அசையக்கூடிய இன்னொரு கண்ணாடியில் பட்டுப் பக்கவாட்டில் வந்து அதனோடு சேர்கிறது. சாளரங்களும் தூணும் ஒரு நெடிய முக்கோணத்தின் மூன்று முனைகள். சாளரங்களுக்கு இடையிலான அடிப்பக்கம் மாறாதது, ஆகவே தூணின் முனையிலுள்ள கோணம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். அடிப்பக்கம் 69 மி.மீ. என்றால், 3 மீட்டரிலுள்ள தூணுக்குக் கோணம் சுமார் 1.3 பாகை, 30 மீட்டரில் 0.13 பாகை, தொலைவில் நீண்டு கிடக்கும் யானைமலைக்கு ஏறத்தாழப் பூஜ்யம். அசையும் கண்ணாடி இதில் பாதியளவு திரும்பினால் போதும்.

அந்த நுண்ணிய அசைவை லென்ஸோடு பிணைத்ததுதான் உண்மையான சாமர்த்தியம். 50 மி.மீ. குவியத்தூரமுள்ள லென்ஸின் ஃபோகஸை முடிவிலியிலிருந்து, அதாவது மிகத் தொலைவிலிருந்து, 3 மீட்டருக்குக் கொண்டுவர, அது சுமார் 0.85 மி.மீ. முன்னே நகர்ந்தால் போதும். அந்நகர்வைக் கேமராவுக்குள் இருக்கும் நெம்புகோல் ஒன்று தொட்டுணர்ந்து கண்ணாடியைத் திருப்புகிறது. 1932இல் வெளிவந்த லைக்கா 2, கான்டாக்ஸ் 1 ஆகிய இரண்டு கேமராக்களிலும் இப்பிணைப்பு இருந்தது.

பிம்பங்கள் பக்கவாட்டில் மட்டுமே விலகுவதால், நெடுங்கோடுகள் வசதியானவை. வண்டியூர்த் தெப்பக்குளத்தின் படிக்கட்டில் எல்லாம் கிடைக்கோடுகளாகவே இருப்பதால், கேமராவை நெட்டாகப் பிடித்துத்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஒரே மாதிரியான கம்பிகள் அடுத்தடுத்து நிற்கும் ஜன்னலிலோ, ஒரு கம்பியின் பிம்பம் பக்கத்துக் கம்பியின்மேல் படிந்து ஏமாற்றக்கூடும்.

வியூஃபைண்டரின் வெளிச்சம் லென்ஸின் துவாரத்தைச் சார்ந்ததன்று. அதனால் மங்கிய மண்டபத்திலும் இது கைகொடுக்கும். துல்லியத்தை நிர்ணயிப்பது, அடிப்பக்கத்தை வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கி வரும் அளவாகும். 1954இல் வந்த லைக்கா எம்3க்கு உருப்பெருக்கம் 0.91 என்பதால் அது சுமார் 63 மி.மீ.; 0.72 உருப்பெருக்கம் கொண்ட பிற்கால மாதிரிகளில் ஏறக்குறைய 50. தொலைவிலுள்ளதை நெருக்கிக் காட்டும் நீண்ட லென்ஸுக்கு இவ்வளவு போதாது. எனவே இவ்வகைக் கேமராக்களுக்கான லென்ஸ்கள் பெரும்பாலும் 135 மி.மீ.யோடு நின்றுவிடுகின்றன, கோபுரத்தின் சுதையுருவங்களை வீதியிலிருந்தே நெருக்கமாக எடுக்க, லென்ஸ் வழியே பார்க்கும் எஸ்.எல்.ஆர். வகையே ஏற்றது.