படம் கீறுவது ஒரு தொழில், வடிவமைப்பு இன்னொரு தொழில்

கிளிநொச்சியில் வடிவமைப்பாளராக வேலை செய்கிறேன். சாதாரண தரப் பரீட்சை முடித்த பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "பிள்ளை வடிவாகப் படம் கீறும். கிராபிக் டிசைன் படிக்க விடலாம்தானே?" தாராளமாக விடலாம். ஆனால் கை நன்றாக ஓடுகிறது என்பதற்காக மட்டும் அந்தத் தொழில் கைகூடிவிடாது. படமே கீறத் தெரியாதவர்களும் அதில் சிறந்து விளங்குகிறார்கள்.

ஓவியர் படத்தை உருவாக்குபவர். சிறுவர் கதைச் சித்திரம், நூலின் அட்டைப்படம், கேலிச்சித்திரம் என்று எதைக் கீறினாலும், அவருடைய கையோட்டத்துக்காகவே அவரைத் தேடி வருகிறார்கள். வடிவமைப்பாளரிடம் வருவது ஒரு தகவல். அது யாருக்கு, எங்கே, எந்த அளவில் போய்ச் சேர வேண்டும் என்பதிலிருந்தே அவருடைய வேலை தொடங்குகிறது. ஏ9 வீதியில் பஸ்ஸில் போகிறவர் கண்ணில் படவேண்டிய பெயர்ப்பலகையும் கையில் எடுத்து வாசிக்கும் துண்டுப்பிரசுரமும் அவருக்கு ஒன்றல்ல.

மகளிர் சங்கம் ஒன்றின் பனங்கட்டிப் பொதிக்கு வடிவமைத்தபோது, அவர்கள் கொண்டுவந்த பனங்கூடல் சித்திரம் அருமையாக இருந்தது. ஓலைக்கு ஓலை நிழல். உள்ளங்கை அகலப் பொதியில் அச்சிட்டால் அது கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். அதே ஓவியரிடம் ஒற்றைப் பனையைத் தடித்த கோடுகளில் கேட்டு வாங்கினோம். நிறையும் விலையும் காலாவதித் திகதியும் வயதானவர்களும் வாசிக்கும்படி அமைவதற்குத்தான் அதிக நேரம் எடுத்தது. வெட்டும்போது வெள்ளை விளிம்பு விழாதிருக்க நாற்புறமும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விட வேண்டும். திரையில் ஒளிரும் பச்சை நான்கு மை அச்சில் மங்கிவிடும். அதை முன்கூட்டியே மாற்ற வேண்டும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டெழுதிய வாசகம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகிவிடும். அதையும் சரிபார்த்த பிறகே கோப்பு அச்சகத்துக்குப் போனது.

வேறுபாடு தெரியாததால் அதிகம் இழப்பவர்கள் ஓவியர்களே. "டிசைனுக்குள் படமும் அடங்கும்தானே" என்று சொல்லி அவர்களுக்குரிய கூலியை மறுப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. இணையத்தில் கிடைத்த படத்தைக் கேட்காமல் எடுத்துப் போடுவதும் அதே அநீதிதான். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒருவரது சித்திரத்துக்கு அவருடைய வாழ்நாள் முழுவதும், அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் பாதுகாப்பு உண்டு.

உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று அறிய, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்து, பூசை நேரம் உடனே கண்ணில் படும்படி மாற்றச் சொல்லுங்கள். அதில் ஒன்றிப்போகும் பிள்ளைக்கு வடிவமைப்புப் பிடிக்கும். ஓரத்தில் மயில் கீறத் தொடங்கும் பிள்ளையைச் சித்திரம் படிக்க விடுங்கள். வடிவமைப்பில் தேசிய தொழிற்தகைமை (NVQ) 4 ஆம் மட்டப் பயிற்சிகள் உள்ளன. சேர்ப்பதற்கு முன், மென்பொருள் கட்டளைகளோடு எழுத்தமைப்பும் அச்சுத் தயாரிப்பும் கற்பிக்கிறார்களா என்று கேளுங்கள். பழைய மாணவர்கள் செய்து அச்சான வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள்.