ஸ்கோர் மட்டும் அழகா இருந்தா போதாது, பார்ட்டை பிரிண்ட் எடுத்துப் பாருங்க

ரெக்கார்டிங் செஷனுக்கு நொட்டேஷன், அதாவது வாசிக்கிறவங்க பாத்து வாசிக்கிற இசைக் குறிப்பு, ரெடி பண்றதுதான் என் வேலை, கம்போசர் அனுப்புற ஃபைலை வாங்கி ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி பார்ட்டா பிரிச்சு பிரிண்ட் எடுத்து ஸ்டாண்ட்ல வைக்கிற வரைக்கும் நம்ம பொறுப்பு. புதுசா ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுத வர்றவங்க எல்லா வாத்தியமும் ஒண்ணா இருக்கற ஸ்கோரை நாள்கணக்கா இழைச்சிட்டு பார்ட்டை கடைசி ராத்திரி எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்புறாங்க. ஆனா முழு ஸ்கோரைப் பாக்கப்போறது கண்டக்டர், வாசிக்கிறவங்க முன்னாடி இருக்கறது பார்ட் மட்டும்தான்.

ஒரு செஷன்ல செகண்ட் வயலின் பார்ட்டோட முதல் பக்கம் வேகமான ஓட்டத்துக்கு நடுவுல முடிஞ்சிருந்துச்சு. ஸ்ட்ரிங்ஸ்ல ஒரு ஸ்டாண்டுக்கு ரெண்டு பேர், உள்பக்கம் இருக்கறவர்தான் பக்கம் திருப்பணும், அப்போ ஒவ்வொரு ஸ்டாண்டுலயும் ஒரு வில்லு நின்னுபோச்சுன்னா அந்த செக்‌ஷன் சத்தம் பாதி ஆயிடும்ல, கூடவே மைக்ல பேப்பர் சரசரப்பு வேற. மூணு டேக் போச்சு, அப்புறம் டேப் ஒட்டி சமாளிச்சோம்.

அதனால 1, 3, 5ன்னு வலதுபக்கம் வர்ற பக்கமெல்லாம் ரெஸ்ட்ல, அதாவது வாசிக்காம சும்மா இருக்கற இடத்துல, முடியுதான்னு பாருங்க. அதுக்காக பாதிப் பக்கம் காலியா விட்டாலும் பரவால்ல. சிபேலியஸ்ங்கற நொட்டேஷன் சாஃப்ட்வேர்ல ரெஸ்ட் வர்ற இடமா பாத்து பக்கம் உடைக்க ஆப்ஷன் இருக்கு, ஆனா ஒரு பார் (தாளத்தோட ஒரு சுற்று) ரெஸ்ட் மெதுவான பாட்டுல தாராளம், வேகமான பாட்டுல கை போய் திரும்புறதுக்குள்ள முடிஞ்சிடும், அதை நீங்கதான் முடிவு பண்ணணும்.

இன்னொண்ணு, இது ரொம்ப பேர் பண்றது. டெம்போ மாற்றத்தை புல்லாங்குழல் வரிக்கு மேல சாதாரண டெக்ஸ்ட்டா டைப் பண்ணிடுவாங்க, ஸ்கோர்ல உச்சியில இருக்கறதால எல்லாருக்கும் பொதுன்னு தோணும், பார்ட் பிரிச்சா அது புல்லாங்குழல் பார்ட்ல மட்டும்தான் வரும். அவர் வேகத்தைக் குறைப்பார், மத்தவங்க அதே வேகத்துல போயிட்டே இருப்பாங்க. டெம்போவை டெம்போவாவே போடுங்க, எல்லா பார்ட்லயும் தானா வந்துடும்.

அம்பது பார் சும்மா இருந்துட்டு உள்ள வர்ற ஹார்ன்காரருக்கு முன்னாடி யார் வாசிக்கிறாங்கன்னு சின்ன எழுத்துல கியூ போட்டுக் குடுங்க. அவர் பார்ட் எஃப் ஹார்னுக்கு ஏத்தபடி டிரான்ஸ்போஸ் ஆகியிருக்கான்னும், அதாவது ஸ்வரம் மாத்தி எழுதியிருக்கான்னும் பாத்துக்கோங்க, கான்சர்ட் பிட்ச்லயே, அதாவது கேக்க வேண்டிய ஸ்வரத்துலயே பிரிண்ட் போனா எழுதினதுக்கு ஒரு ஃபிஃப்த் (ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள தூரம்) கீழ கேக்கும்.

ஸ்டாஃப், அதாவது ஸ்வரம் எழுதுற அஞ்சு கோடு, அதோட உயரம் 7 மில்லிமீட்டருக்குக் குறையவே கூடாது, 8 கிட்ட இருந்தா நல்லது. ஃபைல்ல சரியா வச்சிருந்தாலும் ஜெராக்ஸ் கடையில ‘ஃபிட் டு பேஜ்’ டிக் ஆகியிருந்தா சுருங்கிடும், ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க. ரெண்டு பேர் பங்கு போட்டுப் படிக்கிற காகிதம் அது, அதுவும் வயசான கண்ணுங்க நிறைய.

ஃபினாலேங்கற நொட்டேஷன் சாஃப்ட்வேர்ல பழைய ஃபைல் வச்சிருக்கறவங்க கவனிங்க. 2024 ஆகஸ்ட்லயே அதை நிறுத்துறதா அறிவிச்சுட்டாங்க. சாஃப்ட்வேர் ஓடுற கம்ப்யூட்டர் கையில இருக்கும்போதே எல்லாத்தையும் வேற நொட்டேஷன் சாஃப்ட்வேர்லயும் திறக்கற மியூசிக்எக்ஸ்எம்எல் ஃபைலா எடுத்து வைங்க, கூடவே பிடிஎஃப்பும் எடுங்க, ஏன்னா எக்ஸ்எம்எல்ல ஸ்வரம் பத்திரமா வரும், நீங்க பாத்துப் பாத்து உடைச்ச பக்கமெல்லாம் அப்படியே வராது. டோரிகோ, மியூஸ்ஸ்கோர் மாதிரி வேற சாஃப்ட்வேர்ல திறந்து மறுபடி முதல் பக்கத்துலேர்ந்து உக்காரணும்.