புயலுக்குப் பின் பாதை துப்பரவு: வளைந்த மரத்தில் கவனம்

2025 மார்ச் கடைசியில் கொட்டிய உறைமழையை கனடாவின் நடு ஒன்ராறியோவில் யாரும் லேசில் மறக்கமாட்டார்கள். ஒரில்லியா, பீற்றர்பரோ, கவார்த்தா ஏரிகள் பக்கமெல்லாம் பனிக்கட்டிப் பாரம் தாங்காமல் மரங்கள் முறிந்தன. நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. காட்டுக்குள்ளால் போகும் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) பாதைகளும் பல இடங்களில் அடைபட்டுப் போயின.

இந்தப் பாதைகளை உள்ளூர்க் கழகங்கள் பராமரிக்கின்றன. விழுந்த மரத்தை வெட்டி அகற்றுவதும், பாலத்துப் பலகை மாற்றுவதும், வழிகாட்டிகளை நடுவதும் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். ஓய்வுபெற்றவர்கள், விவசாயிகள், சனிக்கிழமை மட்டும் நேரம் கிடைக்கும் தொழிலாளர்கள். மரம் வெட்டுவது என் தொழில் என்பதால் நானும் அவர்களோடு போவேன். அங்கே எனக்கு அதிகம் பயம் தருவது கைப்பருமன்கூட இல்லாத பேர்ச் மரம்.

இளம் பேர்ச் ஒடியாது, வளையும். நுனி தரையைத் தொடும்போது மேலே இன்னொரு மரம் விழுந்தால் அது அப்படியே அமுங்கிப் போகும். பனிக்கட்டி சில நாட்களில் உருகிவிடுகிறது, இழுத்துக் கட்டிய வில் மாதக்கணக்காக அங்கேயே இருக்கிறது. கோடையில் இலை மூடிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது.

போன ஒக்டோபரில் என்னோடு வந்த பொடியன் ஒருவன் அப்படியொரு வளைவின் உச்சியில் மேலிருந்தே சங்கிலி வாளை வைக்கப் போனான்.

"தம்பி, வாளை எடு! எஞ்சினை நிற்பாட்டு!"

"சின்ன மரம்தானே அண்ணை?"

மேற்பக்கத்து நார்கள் விறைத்து இழுபட்டிருக்கும். அதில் வாள் பட்டதும் மரம் ஒரே நொடியில் நிமிரும். அதன் வழியில் இருப்பது வெட்டுபவனின் தாடையும் நெஞ்சும்தான். அவனை ஒரு பக்கமாக விலக்கி நிற்கச் சொல்லிவிட்டு, நானும் மரம் நிமிரும் வழியை விட்டு விலகி நின்று, வளைவின் உட்பக்கத்தை மெல்லச் சீவினேன். ஒரு சீவல், பிறகு பொறுத்துப் பார்த்தல். நாலாவது சீவலில் உள்ளே நார் ஒவ்வொன்றாக 'டிக், டிக்' என்று அறுவது கேட்டது. வெளிப்பட்டை நீளமாகப் பிளந்தது. மரம் துள்ளவில்லை, தளர்ந்து மடிந்தது. பொடியன் கிட்டப்போய் அந்தப் பிளவை விரலால் தொட்டுப் பார்த்தான். அதற்குப் பிறகு அன்று முழுக்க ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் வாளைத் தொட்டான்.

வேரோடு சாய்ந்த மரமும் இதே வகைதான். அடிமரத்தை வெட்டியதும் பாரம் விட்டுப்போக, மண்ணோடு நிமிர்ந்து நிற்கும் வேர்ச்சுவர் திரும்பக் குழிக்குள் சரியும். அந்தக் குழிக்குள் யாரும் நிற்கக் கூடாது. பிள்ளைகளையும் நாயையும் கூட்டி வருபவர்கள் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

ஹைட்ரோ கம்பி (மின்சாரக் கம்பி) அறுந்து கிடந்தால் 10 மீற்றர் தள்ளி நின்று அழையுங்கள், கரண்ட் இல்லை என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். தனியே வாள் பிடிக்க வேண்டாம். சாதாரண ஜீன்ஸ் சங்கிலியை நிறுத்தாது. பாதுகாப்புக் காற்சட்டைக்குள் இருக்கும் நார்கள்தான் சங்கிலியில் சிக்கி அதை நிறுத்தும். பல இடங்களில் போன் வேலை செய்யாது. 911க்கு எந்தச் சந்தி என்று சொல்வீர்கள்? உள்ளே போக முன்னமே பாதைச் சந்தியின் இலக்கத்தையும், கிட்ட இருக்கும் வீட்டு வாசல் இலக்கத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் மான் வேட்டைக்காலம் என்பதால் செம்மஞ்சள் மேலங்கி கட்டாயம்.

இன்னொன்று. பாதைகளில் பெரும்பகுதி தனியார் காணிக்குள்ளால் போகிறது. காணிக்காரர் மனம் வைத்துத் தந்த வழி அது. வெட்டிய கொப்பை அவர் வேலியில் சாய்த்துவிட்டு வந்தால், அடுத்த வருடம் அந்த வழி இல்லாமல் போகலாம். விறகு யாருக்கு என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

டிசம்பரில் பாதை திறக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று தெரியாத மரம் எதிர்ப்பட்டால், செம்மஞ்சள் நாடா ஒன்றைக் கட்டிவிட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு திரும்பி வாருங்கள். கழகத்தில் சொல்லுங்கள். நானோ என்னைப் போல இதைத் தொழிலாகச் செய்யும் யாரோ வந்து வெட்டித் தருவோம்.