வீடியோ பார்த்து பார்க்கின்சன் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

போன வாரம் கடலூர் முதுநகரிலிருந்து ஒரு பெரியவரைப் புதுச்சேரிக்குத் தூக்கி வந்தார்கள். உடல் அசைவு குறைந்துபோகும் பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா மாத்திரை சாப்பிட்டு வந்தவர். மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் மருந்து அது. "டோபமைன் ஏறினா அடிமையாக்கிடும்னு வீடியோல சொன்னாங்க டாக்டர், அதான் அப்பாவுக்கு நிறுத்திட்டோம்" என்றார் மகன். கை கால் விறைத்து, உடம்பு அனலாகக் கொதித்தது. இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம். இதே காரணத்தோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள்.

மூளை முழுக்க ஊறிக்கிடக்கும் போதைச் சாறுதான் டோபமைன் என்று யாரோ பரப்பிவிட்டார்கள். இல்லவே இல்லை. நரம்பு செல்கள் சேதி கடத்தப் பயன்படுத்தும் வேதிப்பொருள் அது. 1964-இல் ஸ்வீடனில் டால்ஸ்ட்ரோமும் ஃபுக்ஸேயும், உறையவைத்து உலர்த்திய எலி மூளைக்கு ஃபார்மால்டிஹைடு ஆவி காட்டி, மெல்லிசாகச் சீவி, ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். டோபமைன் செல்களும், அதைப்போலவே சேதி கடத்தும் நார்அட்ரினலின் செல்களும் பச்சையாகவும், செரடோனின் என்ற இன்னொரு சேதிப்பொருளின் செல்கள் மஞ்சளாகவும் ஒளிர்ந்தன. அதுவும் எங்கும் பரவியில்லை. பெரும்பாலும் மூளைத்தண்டில், கொத்துக் கொத்தாக. பச்சைக் கொத்துகளுக்கு ஏ1 முதல் ஏ12 வரை, மஞ்சளுக்கு பி1 முதல் பி9 வரை பெயர் வைத்தார்கள். இன்றும் நாங்கள் அந்த எண்களைத்தான் சொல்கிறோம்.

வீடியோக்காரர்கள் பேசும் ஆசை, ஊக்கமெல்லாம் முக்கியமாக ஏ10 கொத்தின் வேலை. ஏ12, பால் சுரக்கும் ஹார்மோனை அடக்கி வைக்கிறது. உடல் அசைவுக்கு ஏ9. பொருள் ஒன்றுதான், எங்கிருந்து எங்கே போகிறது என்பதில்தான் வேலை மாறுகிறது. மனிதனுக்கும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். சுமார் 8,600 கோடி நரம்பு செல்களில் டோபமைன் செல்கள் சில லட்சம்தான். பார்க்கின்சனில் அதிகம் சாவது ஏ9. அழிந்துபோனதை ஈடுகட்டத்தான் மாத்திரை தருகிறோம், போதை ஏற்ற அல்ல.

"ரத்தத்துல டோபமைன் அளவு பாருங்க" என்றும் கேட்கிறார்கள். ரத்தத்தில் உள்ள டோபமைன் மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும், அதனால்தான் அதைக் கொடுக்கிறோம்.

பார்க்கின்சன் மருந்துகளில் சிலருக்குச் சூதாட்டம், கண்டபடி வாங்கிக் குவிப்பது போன்ற பழக்கம் வருவது உண்மை. வந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், மருந்தை மாற்றலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. ஆபரேஷனுக்கு அட்மிட் ஆனாலும் வேளை தவற விடாதீர்கள். அப்புறம், வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு எழுதினால், நோயாளிக்குப் பார்க்கின்சன் இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். அது டோபமைனையே தடுக்கும் மருந்து.