விரல் ஒரு வரியில், வாய் வேறு வரியில்

இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பையும் நோட்டும் வாங்கி அனுப்பலாமா என்று வேதாரண்யம் பக்கத்து நண்பர்கள் என்னிடம் கேட்கிறார்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர் என்பதால் கேட்கிறார்கள். எனக்கு முதலில் தெரிய வேண்டியது, அந்தப் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்பதுதான்.

இதைக் கற்றுக்கொடுத்தது கஜா புயல். 2018 நவம்பர் 16 அதிகாலை அது கரையைக் கடந்தபின் எங்கள் பள்ளிக்கூடமே நிவாரண முகாம் ஆகிவிட்டது. தென்னையை இழந்த சில குடும்பங்கள் திருப்பூருக்குப் பிழைக்கப் போயின. பிள்ளைகளும் கூடவே போனார்கள். வெகுநாள் கழித்துத் திரும்பிய ஒரு பையனை, வயதைப் பார்த்து நான்காம் வகுப்பில் உட்கார வைத்தேன். பாடத்தைக் கணீரென்று வாசிப்பான். ஒருநாள் குனிந்து பார்த்தேன். விரல் மூன்றாவது வரியில் நிற்கிறது, வாய் ஆறாவது வரியைச் சொல்கிறது. பக்கத்தில் இருப்பவள் வாசிப்பதைக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறான்! ப எது, ம எது என்றுகூட அவனுக்குப் பிடிபடவில்லை. அத்தனை நாள் நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

தட்டில் மணல் பரப்பி ட, ப, ம என்று எழுதவிட்டேன். படம், மடம், பட்டம் என்று சேர்க்க ஒரு மாதம் ஆனது. இன்று தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையைப் பார்த்துப் பிரிக்கிறோமே, அதற்கான தேவையை அவனிடம்தான் கண்டேன்.

ஒரு புயலே இவ்வளவு செய்யுமென்றால், 1983 முதல் 2009 வரை போர் நடந்த நாட்டில்? இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி உண்டு. படிப்பை உயிராக மதிக்கும் மக்கள். அவர்கள்தான் இறுதிப் போரில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை இடம் மாறி மாறி ஓடினார்கள். பிறகு, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம். அது மூடப்பட்டது 2012இல். ஊர் திரும்பினால் நிலத்தில் கண்ணிவெடி. அன்று பத்து வயதில் படிப்பு அறுந்தவர்கள் இன்று தாய் தகப்பன்மார். அந்த வீட்டில் பிள்ளைக்கு யார் எழுத்துக் கூட்டிச் சொல்வது?

பை அனுப்புங்கள், நல்லதுதான். கூடவே, அந்தக் கிராமத்திலேயே படித்த ஒரு பெண்ணுக்கு மாலை வகுப்பு எடுக்க ஓராண்டுச் சம்பளம் கொடுங்கள். பதினைந்து பிள்ளைகள் போதும். முதல் நாளே ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, அதுவரை கேட்டிராத ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லட்டும். வாசிக்கும்போது விரலையும் பார்க்கட்டும்.