சர்வர் ஓடுது, ஆனா பில் ஏறல

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. அது முடிந்து விசைப்படகுகள் பாடு பார்த்துத் திரும்பும் முதல் வாரத்தில் எனக்கு வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணே, சர்வர் நல்லாத்தான் ஓடுது. பில் மட்டும் ஏற மாட்டேங்குது." இந்த வருஷமும் வந்தது. மண்டபம் பக்கம் இறாலும் கணவாயும் கொள்முதல் செய்யும் ஒரு கம்பெனி. ராமநாதபுரம் கரையோரத்தில் கம்பெனிகளின் பில்லும் கணக்கும் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் சர்வர்களைப் பார்த்துக்கொடுப்பது என் தொழில். ஒவ்வொரு கம்பெனியிலும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

அவர்களிடம் இருந்தது எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ், மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ் மென்பொருளின் இலவசப் பதிப்பு. 2022 பதிப்பு வரை அதில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளராது. பல வருஷத்துக் கொள்முதல் பில்லோடு எடைச்சீட்டுப் போட்டோக்களையும் டேட்டாபேஸுக்குள்ளேயே கொட்டி வைத்திருந்தார்கள். எல்லை தொட்டுவிட்டது. "டிஸ்க்ல பாதிக்கு மேல காலியா கிடக்கே அண்ணே" என்றார் கணக்குப் பார்க்கும் தம்பி. டிஸ்க் காலியாக இருந்து என்ன பயன்? அந்தப் பதிப்பு அதை எடுத்துக்கொள்ளாது. வெளியே வண்டிகள் வரிசையில் நிற்க, பெட்டிகளில் ஐஸ் கரைய, எடையை நோட்டில் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இந்த 'ஓடுது' என்ற வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். பச்சை விளக்கு எரிந்தால் மின்சாரம் வருகிறது என்று அர்த்தம். பிங் செய்தால், அதாவது 'இருக்கிறாயா' என்று நெட்வொர்க் வழியாகக் கேட்டால், பதில் வருகிறதா, இயந்திரமும் நெட்வொர்க்கும் உயிரோடு இருக்கின்றன. டேட்டாபேஸ் செத்துக் கிடந்தாலும் பிங்குக்குப் பதில் வரும். சர்வீஸ் 'ரன்னிங்' என்று காட்டுகிறதா, அந்த நிரல் நின்றுபோகவில்லை, அவ்வளவுதான். லாகின் ஆகும், பழைய பில் திறக்கும், போன மாத ரிப்போர்ட்டும் வரும். இவை எல்லாமே படிக்கிற வேலை. எல்லை தொட்ட டேட்டாபேஸில் படிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. புது பில்லுக்கு இடம் கேட்கும்போதுதான் 1105 என்ற பிழை வந்து நிற்கும். அதனால்தான் காலையில் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்த முதலாளிக்குச் சந்தேகமே வரவில்லை.

ராமேஸ்வரத்து லாட்ஜ்களில் இதுவே வேறு வடிவத்தில் வரும். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளில் யாரும் மாற்றாவிட்டால் ஒரே நேரத்தில் 151 இணைப்புகள்தான். திறந்த இணைப்பை மூடாமல் விடும் மோசமான புக்கிங் மென்பொருள் சாதாரண நாளில் தப்பித்துவிடும். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் இணைப்புகள் தீர்ந்து மாட்டிக்கொள்ளும். அப்போது நிர்வாகி உள்ளே போய்ப் பார்த்தால் அவருக்கு மட்டும் திறக்கும். ஏனென்றால் நிர்வாகிக்கென்று ஒரு கூடுதல் இணைப்பு ஒதுக்கப்பட்டிருக்கிறது. "எனக்கு ஓடுதே" என்று அவர் சொல்ல, கவுண்டரில் யாத்ரிகர்கள் சண்டைக்கு நிற்பார்கள்.

மண்டபத்துக் கதைக்கு வருகிறேன். எதைத் தொடுவதற்கு முன்னும் பேக்கப்பைக் கேட்டேன். "தினமும் ராத்திரி ஆகுது அண்ணே, சக்சஸ்னு காட்டுது" என்றார் தம்பி. போல்டரைத் திறந்தால் கடைசி பேக்கப் தீபாவளிக்கு முந்தையது. வெளி ஹார்டு டிஸ்கை யாரோ கழற்றி மாட்டியதில் ஈ டிரைவ் எஃப் ஆகிவிட்டது, பேக்கப் கட்டளை இன்னும் ஈ-யைத்தான் தேடிக்கொண்டிருந்தது. எக்ஸ்பிரஸில் குறித்த நேரத்தில் வேலையை ஓட்டிவிடும் ஏஜென்ட் கிடையாது, எனவே விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர் வழியாக எஸ்கியூஎல்சிஎம்டி கட்டளையை ஓட்டுகிறார்கள். அந்தக் கட்டளையில் 'மைனஸ் பி' (-b) சேர்க்காவிட்டால், பேக்கப் தோற்றாலும் அது பூஜ்யத்தையே திருப்பித் தரும். ஷெட்யூலருக்குப் பூஜ்யம் என்றால் வெற்றி. மாதக்கணக்கில் ஒவ்வொரு இரவும் தோற்றுக்கொண்டே வெற்றி என்று எழுதியிருக்கிறது.

சின்ன ஊர், சின்னக் கம்பெனி என்பதால் நடந்ததல்ல இது. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், பேக்கப் நிரலின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணிநேரத் தரவு போனது. அவர்களே வெளிப்படையாக எழுதிய சம்பவம் இது.

மண்டபத்தில் முதலில் புது பேக்கப் எடுத்தோம். பிறகு போட்டோக்களை வெளியே போல்டருக்கு மாற்றினோம், பில் ஏறியது. இடம் போதவில்லை என்றதும் டேட்டாபேஸ் கோப்பைச் சுருக்கும் 'ஷ்ரிங்க்' போட ஓடாதீர்கள். காலி இடத்தை டேட்டாபேஸ் தானே மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். ஷ்ரிங்க் செய்தால், தேடலுக்கு உதவும் இண்டெக்ஸ் சிதறி வேகம் போவதுதான் மிச்சம்.

இனிச் செய்ய வேண்டியது. வாரம் ஒருமுறை டேட்டாபேஸின் அளவைத் தேதியோடு குறித்து வையுங்கள். போன மாதத்தைவிட எவ்வளவு ஏறியது என்பதுதான் முக்கியம். 8 ஜிபி தாண்டியதும் ஆளைக் கூப்பிடுங்கள், 10 வரை காத்திருக்காதீர்கள். தனியாக ஒரு சின்ன டேபிள் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வரி எழுதி, அதைத் திரும்பப் படித்துப் பார்க்கச் செய்யுங்கள். தோற்றால் போனுக்குச் செய்தி வர வேண்டும். அந்தக் கண்காணிப்பு அதே சர்வரில் இருக்கவே கூடாது. சர்வர் விழுந்தால் அதுவும் சேர்ந்து விழும். தினம் காலையில் 'பேக்கப் ஆச்சு' என்ற செய்தி வராவிட்டால் அதையே அபாயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, முந்தின நாள் கடைசி பில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒரே தரவை இரண்டு டிஸ்கிலும் எழுதும் ரெய்டு போட்டிருக்கிறோம், பேக்கப் எதற்கு என்று சொல்லாதீர்கள். ஒரு டிஸ்க் போனால் அது காப்பாற்றும், தவறுதலாக அழித்த பில்லை இரண்டு டிஸ்கிலும் சேர்த்தே அழிக்கும்.

சர்வரை ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். நம் உப்புக்காற்றுக்குச் செம்பு பச்சையாகப் பூத்துவிடும்.

தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, பலகை பார்த்து, இன்ஜினைப் பிரித்து, பெயிண்ட் அடிக்கிறீர்களே, அந்த 61 நாளில் ஒரு நாளை சர்வருக்கும் தாருங்கள். தயவுசெய்து கேட்கிறேன். அக்டோபரில் மழை தொடங்குமுன் யூபிஎஸ்ஸுக்கு மின்சாரம் வரும் சுவர் சுவிட்சை அணைத்து, பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். டேட்டாபேஸ் ஒழுங்காக மூடிக்கொள்ளும் நேரத்தைவிட அது குறைவாக இருந்தால், அந்த வாரமே பேட்டரியை மாற்றிவிடுங்கள்.